நன்றி சொன்ன மறுநாள்

எனக்குச் சந்தேகப் புத்தி. அதை ஒளிச்சு வச்சு என்ன ஆகப்போகுது? காய்கறிக்காரர் எடை போடும்போது நான் தராசைப் பார்க்க மாட்டேன், அவர் கையைத்தான் பார்ப்பேன். யாராச்சும் காரணமில்லாம என்னைப் பார்த்துச் சிரிச்சா, கொஞ்ச தூரம் போய் நின்னு பர்ஸைத் திறந்து பார்ப்பேன். அதனால, வத்தலக்குண்டு ரோட்டில் கல்யாண மண்டபம் வச்சிருக்கிற ஒரு முதலாளி எனக்கு ஃபோன் போட்டு, "ஆடி மாசம் முழுக்க மண்டபம் சும்மாதான் கெடக்கும்மா. உங்க தோட்டத்தை இங்க கொண்டாந்து வைங்க. வாடகையெல்லாம் வேண்டாம்"னு சொன்னப்ப எனக்குச் சந்தோஷம் வரல. வாடகை வேண்டாம்னு சொல்ற மண்டபக்காரரைத் திண்டுக்கல்லில் அதுக்கு முன்னாடி நான் கண்டதில்ல.

தோட்டம்னா நீங்க நினைக்கிற தோட்டம் மட்டும் இல்ல. ரொம்ப வருஷம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சரா இருந்துட்டு, போதும்டா சாமின்னு வெளியே வந்து, நான் கட்டிக்கிட்டு அழுத வேலை அது. பாதி நிஜச் செடி, பாதி பித்தளைப் பூ. வேடிக்கை பார்க்கிறவங்க சும்மா பார்த்துட்டுப் போக முடியாது. ஸ்டாண்டுல தொங்குற சாவியில ஒண்ணை எடுத்து, எந்தப் பூவுக்குச் சேரும்னு தேடணும். சரியான பூவுல போட்டுத் திருப்பினா இதழ் விரியும். உள்ளே அன்னிக்குப் பறிச்ச மல்லி மொட்டு இருக்கும், வாசம் குப்புன்னு வரும், அடியிலேர்ந்து ஒரு குரல் பேசும். பார்த்து முடிச்சதும் அவங்களே பூவைப் பூட்டிட்டு, சாவியை எடுத்த இடத்தில் மாட்டிட்டுப் போகணும்.

இம்புட்டையும் நான் குடியிருந்த மாடி வீட்டு ஹால்ல வச்சிருந்தேன். தண்ணி ஒழுகுதுன்னு கீழ்வீட்டுக்காரங்க ஒரு பக்கம், வீட்டுச் சொந்தக்காரர் ஒரு பக்கம். ஆடி முடியிறதுக்குள்ள ஒண்ணு தோட்டம் போகணும், இல்ல நீங்க போகணும்னு முகத்துக்கு நேரா சொல்லிட்டாங்க. மண்டபத்து முதலாளி அதையும் எங்கேயோ கேள்விப்பட்டிருக்கார். "ஓப்பனிங்குக்கு என் சொந்தபந்தம், கூட வியாபாரம் பண்றவங்க எல்லாரையும் கூட்டிட்டு வாரேன். நல்லபடியா நடந்துச்சுன்னா மண்டபத்துக்குப் பின்னாடி இருக்கிற காலியிடத்தை உங்க தோட்டத்துக்கே விட்டுர்றேன்"னார். நல்லபடியா நடக்கலைன்னா பித்தளையைப் பழைய சாமான் கடையில எடைக்குப் போட்டுட்டு, செடியை யாருக்காச்சும் தூக்கிக் கொடுக்க வேண்டியதுதான். எனக்கு வேற போக்கிடம் இல்ல, சரின்னு தோட்டத்தை மண்டபத்துக்கு மாத்திட்டேன். அந்தப் பின்பக்கத்துக் காலியிடத்தை ஒரு நாளைக்கு ஒருதடவையாவது போய் எட்டிப் பார்த்துட்டு வருவேன், யாரும் தூக்கிட்டுப் போயிரலயேன்னு.

என்கூட வேலை பார்த்தவங்க மூணு பேர். பேர் எதையும் போடப்போறதில்ல. எங்க ஊர்ல கல்யாணப் பத்திரிகையில பேர் விட்டுப்போனா ஒரு சண்டை, பேர் போட்டு வரிசை மாறிப்போனா அதைவிடப் பெரிய சண்டை.

ஒருத்தர் நாகல் நகர்ல பூட்டுப் பட்டறை வச்சிருக்கவர். என்னைவிட மூத்தவர், அண்ணேன்னுதான் கூப்பிடுவேன். பித்தளைத் தகட்டை இதழா வெட்டி, அடியில பூட்டு வச்சு, சாவிக்கு விரியிற மாதிரி செஞ்சது அவர்தான். "பூவுக்கு எதுக்கும்மா இம்புட்டுப் பந்தோபஸ்து?"ன்னு முதல்ல கேலி பண்ணினார். அப்புறம் பார்த்தா, சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது ஒவ்வொரு பூவையும் அவரே பூட்டி, இழுத்து இழுத்துப் பார்த்துட்டுத்தான் செருப்பை மாட்டுவார்.

ரெண்டாமவர் ரேடியோ செட் போடுறவர். கல்யாணம், கோயில் திருவிழா, எழவு எல்லாத்துக்கும் இவர் செட்டுதான். ஒவ்வொரு பூவுக்குள்ளயும் சின்னதா ஸ்பீக்கர் வச்சு, அதுல ஊர்ச் சத்தத்தை ஏத்தினார். அய்யலூர்ச் சந்தையில ஆட்டுக்கு விலை பேசுறது, பஸ் ஸ்டாண்டுல கண்டக்டர் கத்துறது, ஆயக்குடிக் கொய்யா விக்கிற அம்மா கூவுறது. கெட்டிக்காரர்தான். ஆனா ஆடி மாசம்னா ஊர் ஊருக்கு அம்மன் கோயில்ல கூழ் ஊத்துறாங்க, இவர் ஃபோன் ஓயாம அடிச்சுக்கிட்டே இருக்கும். என்னைக்காச்சும் பொசுக்குன்னு கழண்டுக்கிருவாரோன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம்.

மூணாவது, வெள்ளோட்டுப் பக்கம் மல்லித் தோட்டம் வச்சிருக்கிற ஒரு பொண்ணு. பொண்ணுன்னா சின்னப் பொண்ணு இல்ல, பிள்ளைங்களைக் கட்டிக்கொடுக்கிற வயசுதான். என்னை அக்காம்பா, நான் அவளைத் தாயிம்பேன். நிஜச் செடி எல்லாம் அவ வளர்த்தது. காலையில மொத பஸ்ஸுல மொட்டைக் கொண்டாந்து பூவுக்குள்ள வச்சுட்டு, செடிக்குப் பூவாளி மாதிரி தெளிக்கிற மோட்டாரைப் போட்டு விட்டுட்டு, என்னைத் திட்டிட்டு உட்கார்ந்து டீ குடிப்பா. செடியை நான் தொட்டாலே அவளுக்குப் பிடிக்காது.

ஓப்பனிங்குக்குக் கொஞ்ச நாள் முன்னாடி மதுரையிலேர்ந்து ஒரு நகைக்கடை மேனேஜர் வந்தார். சட்டையில சென்ட் வாசம் மல்லி வாசத்தையே அமுக்கிருச்சு. ஒவ்வொரு பூவையும் ஃபோன்ல படம் பிடிச்சார். கடை வாசல்ல வைக்க ரெண்டு பூ வேணும், யார் செஞ்சாங்கன்னு கேட்டார். இது விக்கிற பொருள் இல்லைங்கன்னு சொல்லி, கேட் வரைக்கும் கூடவே போய், அவர் கார்ல ஏறுற வரைக்கும் நின்னு பார்த்து அனுப்பினேன். ரெண்டு நாள் கழிச்சு எதுத்த டீக்கடையில அதே மேனேஜர், பக்கத்துல நம்ம பூட்டுக்காரர். அவர் திரும்பி வர்ற வரைக்கும் கேட்டுலயே நின்னேன். கேட்டா, "சும்மா வெலை கேட்டார்மா"ன்னார். வெலை சும்மாவா கேப்பாங்க?

இப்படி மூணு பேர் மேலயும் ஒரு கண்ணை வச்சுக்கிட்டேதான் சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் ஓட்டினேன். மறுநாள் ஓப்பனிங். ஆனா மனுஷிக்கு மனசு ஒண்ணு இருக்குல்ல? எல்லாப் பூவும் ஒழுங்காத் தெறந்து மூடுறதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு. இதுங்க மூணும் இல்லைன்னா நான் எங்க? நாளைக்குக் கூட்டத்துல மரியாதை பண்ண நேரம் கிடைக்காது, இன்னைக்கே பண்ணிருவோம்னு கடைக்குப் போனேன். ஆம்பளைங்களுக்கு வேட்டி துண்டு, அவளுக்குச் சேலை, ஆளுக்கொரு ஸ்வீட் பாக்ஸ், வெத்தலை பாக்கு. தட்டுல வச்சு, மூணு பேரையும் வரிசையா நிக்க வச்சு, கையெடுத்துக் கும்பிட்டு, மேடையில பேசுற மாதிரியே பேசினேன். "உங்கள் ஒத்துழைப்புக்கு என் மனமார்ந்த நன்றி. நீங்கள் இல்லையென்றால் இந்தத் தோட்டம் இல்லை. நீங்கள் செய்த உதவியை என்றும் மறக்க மாட்டேன்."

சொல்லி முடிச்சுட்டு நிமிர்ந்து பார்த்தா மூணு மூஞ்சியும் செத்துப்போய் கெடக்கு. பூட்டுக்காரர் தட்டைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், என்னைப் பார்க்கல. ரேடியோ செட்காரர் ஃபோன் அடிக்குது, எடுக்கல. என்னைக்கு அவர் ஃபோனை எடுக்காம இருந்திருக்கார்? பூக்காரி சேலையைக் கையால தொடக்கூட இல்ல. "இம்புட்டு எதுக்குக்கா?"ன்னா. அப்புறம், "மதுரையிலேர்ந்து யாரும் வாராகளா?"ன்னு கேட்டா. நான் ஓப்பனிங்குக்குக் கேக்குறான்னு நினைச்சு, "ஆமா, வருவாங்க. மதுரை என்ன, எல்லா ஊர்லேர்ந்தும் வருவாங்க"ன்னேன் பெருமையா.

தட்டை வாங்கிக்கிட்டாங்க. எனக்குத்தான் பொறுக்கல. சேலை மட்டம்னு நினைச்சிட்டாளோ? கரை போட்ட வேட்டி பிடிக்கலையோ? இல்ல, நகைக்கடைக்காரன் மூணு பேரையும் வளைச்சுப் போட்டுட்டானா? சாமானை எடுத்து வைக்கிறேன், சுத்தம் பண்றேன்னு செத்த நேரம் உள்ளே நின்னுட்டு, ஒண்ணாக் கிளம்பி நேரா டீக்கடைக்குப் போனாங்க. நான் கேட்டுக்குப் பின்னாடி நின்னு பார்த்தேன். மூணு தலையும் ஒண்ணா முட்டிக்கிட்டு இருக்கு. சத்தியமாச் சொல்றேன், அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல.

ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கெல்லாம் மண்டபத்துக்குப் போயிட்டேன். முதலாளி பத்தரைக்குக் கூட்டத்தோட வாறதாச் சொல்லியிருந்தார். முதல்ல கண்ணுல பட்டது சாவி ஸ்டாண்டு. மொட்டையா நிக்குது. ஒரு சாவி இல்ல. சரி, சத்தமாவது வருதான்னு எல்லாப் பூவுக்கும் சத்தம் அனுப்புற பெட்டியை அமுக்கினா மூச்சு இல்ல. பின்பக்கம் திறந்து பார்த்தேன், மெமரி கார்டு இருக்கிற இடம் ஓட்டையா இருக்கு. மோட்டாரைப் போடுவோம்னு சுவிட்சைத் தட்டினா ஓடல, லைட்டும் எரியல. பின்னாடி கரண்டு போர்டுல போய்ப் பார்த்தா பீஸ் கட்டையைக் காணோம். யாரோ பக்குவமாக் கழட்டி எடுத்துட்டுப் போயிருக்காங்க. ஐயோன்னு அங்கேயே தரையில உட்கார்ந்துட்டேன்.

திருடன்னா பித்தளையை எடுத்திருப்பான். பித்தளை அப்படியே இருக்கு. எடுத்ததெல்லாம் அது இல்லாட்டி தோட்டம் அசையாதுங்கிற சாமான். விவரம் தெரிஞ்சவங்க பண்ணின வேலை. பூட்டுக்காரருக்கு ஃபோன் போட்டேன், எடுக்கல. பூக்காரிக்குப் போட்டேன், மணி அடிச்சுக் கட்டாச்சு. ரேடியோ செட்காரர் மட்டும் எடுத்து, "சொல்லுங்கக்கா"ன்னார், அம்புட்டு இனிமையா. அந்த இனிமையைக் கேட்டதும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒரு வார்த்தை பேசாம வச்சுட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

நாகல் நகர்ல பூட்டுக்காரர் பனியனோட வாசல்ல உட்கார்ந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தார். ஓப்பனிங் அன்னிக்கு! வண்டியை ஸ்டாண்டு கூடப் போடல.

"அண்ணே, சாவி எங்க?"

"எங்கிட்டதான் இருக்கு." இடுப்புல சொருகியிருந்த கொத்தைத் தட்டிக் காட்டினார். கொஞ்சமும் வெக்கப்படல.

"எதுக்கு எடுத்தீங்க? யாருக்குக் கொடுக்கப் போறீங்க? அந்த நகைக்கடைக்காரனுக்கா?"

அவர் பேப்பரை மடிச்சு வச்சார். "அதை நான்ல கேக்கணும்? கேட் வரைக்கும் போய் அந்தாளைக் கார்ல ஏத்தி விட்டது யாரு? தோட்டத்தை அவனுக்குக் கொடுத்துட்டு, மதுரையிலேர்ந்து ஆள் வச்சுக்கிறீங்க. கொடுங்க. உங்க பொருளு. ஆனா எங்களை அனுப்பிவிட்ட மறுநாளே எவனோ வந்து நம்ம பூவைத் திருகிறதுக்கு நாங்க சாவியக் கொடுத்துட்டுப் போகணுமா?"

"யாருண்ணே உங்கள அனுப்புனது?"

"நீங்கதான். நேத்து."

"நான் என்ன சொன்னேன் நேத்து?"

"நன்றின்னீங்கல்ல?"

நன்றி சொன்னா தப்பான்னு கேட்டேன். அவர் விடல. "இத்தனை மாசமாத் திட்டிருக்கீங்க, கத்திருக்கீங்க, லேட்டா வந்தா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க. ஒருநாளாச்சும் நன்றின்னு சொன்னீங்களா? வேலை நடக்கிற எடத்துல எவனாச்சும் நன்றி சொல்வானா? எங்க மாமா மில்லுல ரிட்டயர் ஆனப்ப இப்படித்தான் வேட்டி துண்டு வச்சுக் கொடுத்து, கும்பிட்டு, உங்கள மறக்கவே மாட்டோம்னாங்க. மறுநாள் கேட்டுக்குள்ளயே விடல. நாளைக்கும் கூட இருக்கப்போறவனுக்கு எதுக்கும்மா வெத்தலை பாக்கு?"

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மத்ததையும் சொன்னார். கார்டு ரேடியோ செட்காரர் சட்டைப் பையில. திருவிழாவுல பேசின காசு வராம தகராறு வந்தா அவங்க ஆளுங்க எப்பவும் அதைத்தான் உருவுவாங்களாம். பீஸ் கட்டை பூக்காரி மடியில. பங்குக் கிணத்துல சித்தப்பா பெரியப்பாவோட முட்டிக்கிச்சுன்னா, வேற யாரும் மோட்டார் போட்டுறக் கூடாதுன்னு பீஸ் கட்டையைக் கழட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிருவாங்க. அவளுக்குத் தெரிஞ்சது அது. டீக்கடையில மூணு பேரும் பேசி, நம்ம இல்லாம ஓட்டிப் பார்க்கட்டும்னு முடிவு பண்ணியிருக்காங்க.

எனக்கு வந்துச்சே கோபம். "அறிவிருக்காண்ணே உங்களுக்கு? தலை நரைச்சிருச்சுல்ல? வாயில என்ன கொழுக்கட்டையா, ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்க? அங்க முதலாளி பத்தரைக்குக் கூட்டத்தக் கூட்டிட்டு வாரார், நீங்க இங்க பனியனப் போட்டுக்கிட்டு பேப்பர் படிக்கிறீங்க! இடம் கைவிட்டுப் போச்சுன்னா நான் இந்தப் பித்தளையைத் தலையிலயா சுமப்பேன்? எந்திரிங்க மொதல்ல!" தெருவே எட்டிப் பார்த்துச்சு.

திட்டத் திட்ட அவர் முகம் தெளிஞ்சுக்கிட்டே வந்துச்சு. "இந்தா வாரேன்மா, சட்டையப் போட்டுக்கிறேன். ஏன் கத்துறீங்க?"ன்னு உள்ளே ஓடினார். ஓடின ஓட்டத்துல சிரிப்பு வேற.

பூக்காரி சர்ச்சுல பூசையில இருந்திருக்கா, அதான் ஃபோனைக் கட் பண்ணியிருக்கா. பூசை முடிஞ்ச கையோட பூட்டுக்காரர் ஃபோன்ல விஷயத்தைச் சொல்ல, யார் பைக்குலயோ ஏறி, தலையில போட்ட முக்காடு கூட எடுக்காம வந்து இறங்கினா. மொட்டை மட்டும் விடியக்காலையிலேயே பறிச்சு ஈரத்துணியில கட்டி வச்சிருந்தாளாம். "எதுக்குடி பறிச்ச, அதான் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டியே?"ன்னேன். "செடிக்கு என்னக்கா தெரியும்?"னு முனகிக்கிட்டே பீஸ் கட்டையை எடுத்துக்கிட்டுப் பின்பக்கம் போனா. ரேடியோ செட்காரர் கார்டைச் சொருகிட்டு, ஒண்ணுமே நடக்காத மாதிரி "ஹலோ, மைக் டெஸ்டிங்"னார். நான் அவரையும் விடல, நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கினேன்.

ஓப்பனிங் எப்படி நடந்துச்சு தெரியுமா? ஜனங்க முதல்ல பூவைத் தொடவே இல்ல. "உள்ள கேமரா இருக்கா?"ன்னு கேட்டாங்க. ஒரு பெரியவர் சாவியைப் போட்டுத் திருப்பி, அய்யலூர்ச் சந்தைச் சத்தம் கேட்டதும், பூக்குள்ள குனிஞ்சு அவரும் விலை பேச ஆரம்பிச்சுட்டார். பொம்பளைங்க மொட்டை எடுத்துத் தலையில வச்சுக்கிட்டாங்க. முதலாளியோட மருமகப்பொண்ணு கொய்யாக்கார அம்மா குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரிச்சா. பூட்டின ஒவ்வொருத்தரும் மறக்காம இழுத்துப் பார்த்தாங்க. பூட்டு ஊர்க்காரங்கல்ல? பார்த்துக்கிட்டிருந்த எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. இடம் நமக்குத்தான்னு மனசு அடிச்சுக்கிச்சு.

சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாடி முதலாளி மைக்கை வாங்கினார். என்னைப் பக்கத்துல கூப்பிட்டு, பொன்னாடை போத்தி, கையெடுத்துக் கும்பிட்டார். "திண்டுக்கல்லுக்கே பெருமை சேர்த்துட்டாங்க அம்மா. அவங்களுக்கு நன்றி சொல்ல எங்கிட்ட வார்த்தையே இல்ல. இந்த உதவியை நாங்க மறக்கவே மாட்டோம்"னார்.

எல்லாரும் கை தட்டுறாங்க. கூட்டத்துக்குள்ள திரும்பிப் பார்த்தேன். மூணு பேரும் சேர்ந்தாப்ல ஒரு ஓரத்துல நிக்கிறாங்க. ஒருத்தரும் கை தட்டல. மூணு பேர் கண்ணும் என் மேலதான் இருக்கு.

என்னால அடக்க முடியல. மைக்கு பக்கத்துல இருக்குன்னு கூட யோசிக்கல. "நன்றியெல்லாம் இருக்கட்டும்ண்ணே. பின்னாடி இடம் எங்களுக்கு உண்டா, இல்லையா?"ன்னு கேட்டுட்டேன். அது ஹால் முழுக்கக் கேட்டுச்சு.

முதலாளி சிரிச்சார். காரணமில்லாத சிரிப்பு. "அதுக்கென்னம்மா, பாப்போம். ஆவணி பொறக்கட்டும். முகூர்த்தம் ஆரம்பிச்சா சமையல்காரங்க அடுப்புப் போட இடம் கேக்குறாங்க. பாப்போம்"னார். மைக்கைப் பையன்கிட்ட கொடுத்துட்டு, விருந்தாளிங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்.

கூட்டம் பந்திக்குப் போயிருச்சு. நான் பொன்னாடையைக் கழட்டிச் சேர் மேல போட்டுட்டு அப்படியே உட்கார்ந்தேன். அழுகையா வந்துச்சு. அழுதேன். யார் பார்த்தா என்ன? பூக்காரி வந்து பக்கத்துல நின்னா. பின்னாடியே மத்த ரெண்டு பேரும் வந்தாங்க. ஆறுதல் சொல்லப் போறாங்கன்னு நினைச்சேன். அவ இடுப்புல கையை வச்சுக்கிட்டு, "அக்கா, நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?"னா.

"எங்க வருவ? அதான் இடமே இல்லைன்னுட்டாரே, கேக்கல?"

"கேட்டுச்சு. இடத்த நீங்க யோசிச்சுக்கங்க. மணியச் சொல்லுங்க. மொத பஸ்ஸா, ரெண்டாவது பஸ்ஸா?"

பூட்டுக்காரரும் ரேடியோ செட்காரரும் பதிலுக்காக என் வாயையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. நேத்துச் சொன்ன அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்துருச்சு. முழுங்கிட்டேன்.

"மொத பஸ்ஸுக்கே வா. லேட்டா வந்த, தொலைச்சுப்புடுவேன்"னேன்.

"சரிக்கா"ன்னுட்டு அவ வாளியைக் கழுவப் போனா.